கிணறு தூர்ந்தது, நீச்சலும் மறந்தது

ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்துக் கார்வேட்டிநகரம் என்றதும் சுற்றுவட்டாரத்துக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது வேணுகோபால சுவாமி கோயிலும் ஸ்கந்த புஷ்கரிணியும்தான். பொம்மராஜபாளையம் என்ற பெயரில் ஒரு காலத்தில் பெரிய ஜமீனாக விளங்கிய ஊர் இது. நாலு பக்கமும் கருங்கல் படிகள் இறங்கும் அந்தக் குளத்தில் இன்றும் திருமலை திருப்பதி தேவஸ்தானம் தெப்போற்சவம் நடத்துகிறது. தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் கூட்டம் கரையெல்லாம் நிற்கும்.

படிக்கட்டுக் குளம் பார்க்க அழகு. ஆனால் தண்ணீருக்கு வெளியே தெரியும் படிகளை வைத்து உள்ளே இருப்பதைக் கணக்குப் போட முடியாது. உள்ளே உள்ள படிகளில் பாசி படர்ந்திருக்கும். எது கடைசிப் படி என்பது கலங்கிய நீரில் தெரியாது. இடுப்பளவுதான் என்று நினைத்து எடுத்து வைக்கும் அடுத்த அடியில் தண்ணீர் தலைக்கு மேல் போய்விடும். இது எந்த ஊர்க் கோயில் குளத்துக்கும் பொருந்தும்.

2023 ஏப்ரல் 5, பங்குனி உத்திரத்தன்று, சென்னை நங்கநல்லூரை அடுத்த மூவரசம்பேட்டையில் நடந்ததும் அதுதான். தர்மலிங்கேஸ்வரர் கோயில் தீர்த்தவாரிக்காகச் சுவாமியைப் பல்லக்கில் எழுந்தருளச் செய்து, அர்ச்சகர்களும் தொண்டர்களும் குளத்தில் இறங்கினார்கள். முங்கி எழும்போது ஒருவர் ஆழத்தில் சிக்கினார். அவரைப் பிடிக்கப் பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்தார்கள். கரையில் ஊரே நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஐந்து இளைஞர்கள் அந்தக் குளத்திலேயே போய்விட்டார்கள். புயலும் இல்லை, வெள்ளமும் இல்லை. பட்டப்பகலில், அசையாமல் நின்ற தண்ணீரில் நடந்த சாவுகள் அவை.

இந்தியாவில் நீரில் மூழ்கி இறப்பவர்களின் எண்ணிக்கை, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் மட்டும் 38,000-ஐத் தாண்டியது. உலக அளவில் 2021-இல் சுமார் 3 லட்சம் பேர் இப்படி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட சாவுகள் நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர நாடுகளில்தான். சாலை விபத்துக்கு ஹெல்மெட்டும் அபராதமும் இருக்கின்றன. தண்ணீர்ச் சாவை மட்டும் விதி என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

சித்தூர்ப் பக்கத்துக்கு இதில் ஒரு தனிக் கதை உண்டு. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை இந்தப் பகுதி வட ஆற்காட்டோடு இருந்தது. வேலூர், திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கம் போலவே இங்கும் விவசாயம் நடந்தது ஏரியையும் கிணற்றையும் நம்பித்தான். நிலத்துக்கு நிலம் அகலமான கிணறுகள் இருந்தன. பக்கவாட்டில் பதித்த கல் வழியே இறங்கலாம். அந்தக் கிணறுகள்தான் இந்த வட்டாரத்தின் நீச்சல் பள்ளிக்கூடங்கள்.

கோடை விடுமுறையில் மாமாவோ சித்தப்பாவோ பையனை அழைத்துப் போவார். காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டுவார்கள். சுரை கிடைக்காத வீட்டுக்கு வாழை மரத் துண்டு. இடுப்பில் தாம்புக் கயிறு, கயிற்றின் மறுமுனை மேலே நிற்கும் பெரியவர் கையில். முதல் நாள் பையன் படிக்கல்லைக் கட்டிக்கொண்டு அழுவான். மூன்றாம் நாள் குடுக்கையோடு எதிர்ச்சுவர் வரை போய் வருவான். கொஞ்ச நாளில் குடுக்கையைக் கழற்றிவிடுவார்கள். அதற்கப்புறம் மல்லாந்து மிதப்பது, உள்நீச்சல் போடுவது, மோட்டார் கொட்டகைச் சுவரிலிருந்து குதிப்பது எல்லாம் பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டவை.

இந்த முறையில் கவனிக்க வேண்டிய நல்ல அம்சங்கள் மூன்று. கற்றுக்கொடுத்தவருக்கு அந்தக் கிணற்றின் ஆழமும் அடியில் உள்ள பாறையும் அத்துப்படி. மிதக்கும் பொருள் ஒன்று எப்போதும் உடம்போடு இருந்தது. கயிறு ஒருபோதும் கையை விட்டுப் போகவில்லை. இன்று வெளிநாட்டு வல்லுநர்கள் எழுதும் நீர்ப் பாதுகாப்பு விதிகளின் சாரம் கிட்டத்தட்ட இதுதான். அதே முறைக்குப் பெரிய குறையும் இருந்தது. அது பெரும்பாலும் பையன்களுக்கான பள்ளிக்கூடம். பெண் பிள்ளைகள் துணி துவைக்கவும் தண்ணீர் எடுக்கவும் அதே கிணற்றுக்குத் தினமும் போனார்கள், நீந்த மட்டும் அனுப்பப்படவில்லை.

பிறகு ஆழ்துளைக் கிணறு வந்தது. நிலத்தடி நீர் கீழே போகப் போக, துளையும் ஆழமாகிக்கொண்டே போனது. சித்தூர் மாவட்டத்தில் 1,000 அடி தாண்டித் துளையிட்ட இடங்கள் உண்டு. திறந்த கிணறுகள் வற்றின. சில தூர்ந்தன, சில முள் மண்டிக் கிடக்கின்றன. தண்ணீர் போனதைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். ஒரு தலைமுறை நீச்சல் தெரியாமல் வளர்ந்ததைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை.

அதே நேரத்தில் தண்ணீர் வேறு உருவங்களில் திரும்பி வந்திருக்கிறது. வறட்சியைச் சமாளிக்க ஆந்திராவில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஏராளமான பண்ணைக் குட்டைகள் வெட்டப்பட்டன. நல்ல திட்டம்தான். ஆனால் செங்குத்தாக வெட்டிய குட்டையில், குறிப்பாகப் பிளாஸ்டிக் தாள் விரித்த குட்டையில், விழுந்தவருக்கு ஏறிவரப் பிடிமானம் கிடையாது. கிரானைட் எடுத்துவிட்டு விட்டுப்போன குவாரிப் பள்ளங்களில் மழைநீர் தேங்குகிறது. பார்க்கப் பச்சையாக, தெளிவாக இருக்கும். கரை என்று ஒன்று அங்கே கிடையாது, முதல் அடியே ஆழம். ஆற்றில் மணல் அள்ளிய இடங்களில் கசம் விழுந்து கிடக்கிறது. போன வருஷம் முழங்கால் அளவு இருந்த இடம் இந்த வருஷம் ஆளை முழுங்கும். பல ஆண்டு வறண்டு கிடந்த ஏரி ஒரே மழையில் நிரம்பினால், பிள்ளைகள் ஓடிப்போய் இறங்குவது இயல்பு. அவர்களுக்குத் தண்ணீரைப் பார்த்த பழக்கமே இல்லை என்பதுதான் ஆபத்து.

கார்வேட்டிநகரம் மண்டலத்தில் குசஸ்தலி ஆற்றின் குறுக்கே கிருஷ்ணாபுரம் அணை இருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் இறங்கியதும் இதே ஆறு கொசஸ்தலை. வடகிழக்குப் பருவமழையில் அணை நிரம்பி மதகு திறந்தால், பள்ளிப்பட்டு வட்டாரக் கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை போகும், தரைப்பாலங்கள் மூழ்கும். அங்கே மழையே பெய்யாத நாளிலும் ஆற்றில் வெள்ளம் வரும் என்பதை ஆற்றங்கரைக்காரர்கள் அறிவார்கள். வெளியூரிலிருந்து வந்து பாறையில் நின்று படமெடுப்பவர்கள் அறியமாட்டார்கள். 2014 ஜூன் 8 அன்று இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றுக்குள் பாறைகள்மீது நின்றிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை, மேலே லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் அடித்துச் சென்றது. உடன் வந்த சுற்றுலா வழிகாட்டியும் போனார். அந்த வேகத்தில் நீச்சல் தெரிந்தவரும் தப்புவது கடினம். ஓடும் வெள்ளம் அரை அடி உயரம் இருந்தாலே ஒரு பெரிய ஆளின் காலை வாரிவிடும். ஓர் அடி இருந்தால் சின்னக் காரை நகர்த்திவிடும். தரைப்பாலத்தின்மேல் தண்ணீர் ஓடும்போது பைக்கை இறக்குகிறவர்கள் இந்த அளவை நினைவில் வைக்க வேண்டும்.

நீச்சல் தெரிந்தவருக்கு அருவியும் அப்படித்தான். திருப்பதிக்கு அருகே தலகோனாவில் 2023-இல் ஒரு மாணவர் நீரில் குதித்தபோது தலை பாறை இடுக்கில் சிக்கி உயிரிழந்தார். நாராயணவனம் பக்கத்துக் கைலாசகோனா, வரதய்யபாளையம் பக்கத்து உப்பலமடுகு என்று வாரக்கடைசியில் இளைஞர்கள் குவியும் இடங்கள் இந்த வட்டாரத்தில் பல. தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்காத இடத்தில் தலைகீழாகப் பாயக் கூடாது. காலை முதலில் இறக்கி ஆழம் பார்க்கவேண்டும்.

மூழ்குவது எப்படி இருக்கும் என்பது பற்றிச் சினிமா நமக்குத் தவறாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. கையை ஆட்டி, "காப்பாத்துங்க" என்று கத்துவார்கள் என்று எதிர்பார்க்கிறோம். உண்மையில் மூழ்குகிறவரால் கத்த முடியாது. வாய் தண்ணீருக்கு மேலே வரும் ஓரிரு நொடியில் மூச்சிழுக்கத்தான் நேரமிருக்கும், பேச அல்ல. கைகள் தம்மையறியாமல் பக்கவாட்டில் தண்ணீரைக் கீழ்நோக்கி அழுத்தும். அசைத்துக் கூப்பிடவோ, வீசிய கயிற்றைத் தேடிப் பிடிக்கவோ அவை கட்டுப்படாது. உடம்பு நேராக, ஏணி ஏறுவதுபோலத் தெரியும். இது நீடிப்பது ஒரு நிமிஷத்துக்குள்தான். பத்தடி தூரத்தில் குளித்துக்கொண்டிருப்பவர்களே கவனிக்காமல் போவது இதனால்தான். சத்தம் போட்டு விளையாடிய பிள்ளை திடீரென்று அமைதியானால் உடனே திரும்பிப் பார்க்கவேண்டும்.

ஒருவர் மூழ்கும்போது மற்றவர்கள் குதிப்பதுதான் நம் ஊர்ச் சாவுகளின் எண்ணிக்கையைப் பெருக்குகிறது. 2022 ஜூன் 5 அன்று கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் அருகே அ.குச்சிப்பாளையத்தில், கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் குளிக்கப்போன ஏழு பேர் இறந்தார்கள். ஏழு பேரும் பெண்கள், அதிலும் சிறுமிகள் பலர். சிக்கியவர்களைக் காப்பாற்ற மற்றவர்கள் கை நீட்ட, அவர்களும் உள்ளே போனார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில், கால்பந்துப் போட்டிக்காகப் புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து வந்த அரசுப் பள்ளி மாணவிகள் நால்வர் கரூர் மாயனூர் அருகே காவிரியில் இறந்தார்கள். பந்தை உதைத்து ஓடிய உடல்கள் அவை, வலுவுக்குக் குறைவில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு ஆக்ஸ்பாம் அமைப்பு எடுத்த கணக்கில், கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் ஆண்களைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. நீந்தவும் மரம் ஏறவும் பெண்களுக்குக் கற்றுத்தராதது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பெண் குழந்தைக்கு நீச்சல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இவற்றுக்கு மேல் வேறு பதில் தேவையில்லை.

தண்ணீரில் இறங்காமலே ஒருவரை வெளியே எடுக்கமுடியும் என்பதற்கும் தமிழ் நிலத்திலேயே சாட்சி இருக்கிறது. 2020 ஆகஸ்டில், பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில், கிரிக்கெட் விளையாட வந்த வெளியூர் இளைஞர்கள் சிலர் குளிக்க இறங்கினார்கள். நால்வர் ஆழத்தில் சிக்கினார்கள். அருகில் இருந்த ஆதனூர்ப் பெண்கள் செந்தமிழ்ச்செல்வி, சுந்தரபாள், ஆனந்தவள்ளி மூவரும் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசினார்கள். இரண்டு பேர் சேலையைப் பிடித்துக் கரையேறினார்கள். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த மூவருக்கும் தமிழ்நாடு அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. வெட்கத்தை ஒதுக்கிவிட்டுச் சேலையை அவிழ்த்த அந்த நொடியை எத்தனை பாராட்டினாலும் தகும். கூடவே, அவர்கள் செய்தது முறையாகவும் சரி. நீளமான ஏதாவது ஒன்று: சேலை, வேட்டி, கயிறு, மூங்கில், மரக்கிளை. அல்லது மிதக்கும் ஏதாவது ஒன்று: மூடி இறுக்கிய காலிக் குடிநீர்க் கேன், பிளாஸ்டிக் குடம், லாரி டியூப். படுத்துக்கொண்டு வீசினால் இழுபடமாட்டோம். பயத்தில் தவிப்பவர் கையில் கிடைப்பதைக் கட்டிப்பிடிப்பார். அந்தப் பிடியில் சிக்கினால் நீச்சல்காரரும் மீள்வது அரிது.

வெளியே எடுத்தபின் நம் ஊரில் செய்வதில் பாதி தவறு. தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, இரண்டையும் கைவிட வேண்டும். வயிற்றில் போன தண்ணீர் ஆளைக் கொல்வதில்லை. மூளைக்குப் பிராணவாயு போகாத நிமிஷங்கள்தான் கொல்கின்றன. நாலைந்து நிமிஷத்திலேயே மூளை பாதிக்கப்படத் தொடங்கும். மூச்சில்லை என்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து முதலில் ஊதவேண்டும். பிறகு நெஞ்சின் நடுவே அழுத்தவேண்டும். 30 அழுத்தம், 2 மூச்சு என்ற கணக்கில், 108 வண்டி வரும்வரை விடாமல். கண் விழித்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், நுரையீரலில் புகுந்த நீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சை நெருக்கும்.

நீச்சல் கற்பது என்றால் பதக்கம் வாங்கும் வேகத்தில் கையை வீசுவதல்ல. மிதப்பதுதான் முதல் பாடம். நுரையீரலில் காற்று நிரம்பிய மனித உடம்பு பெரும்பாலும் மிதக்கும். தலையைத் தூக்கித் தண்ணீருக்கு மேலே வைக்கப் போராடும்போதுதான் உடம்பு கீழே போகிறது. காதுவரை தண்ணீரில் விட்டு, முகத்தை மட்டும் வானத்தைப் பார்க்க வைத்து, கை கால்களைப் பரப்பினால் நேரம் கிடைக்கும். பயந்த மனசுக்கு இது வராது, முன்பே பழகியிருக்க வேண்டும்.

வங்கதேசம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. குளமும் குட்டையும் வீட்டு வாசலில் இருக்கும் அந்நாட்டில் சிறுவர் சாவுக்கு மூழ்குவது பெரிய காரணம். அங்கே யாரும் டைல்ஸ் பதித்த நீச்சல் குளம் கட்டக் காத்திருக்கவில்லை. ஊர்க் குளத்துக்குள் மூங்கிலால் மேடையும் தடுப்பும் கட்டினார்கள். உள்ளூர் ஆண், பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆசிரியர்களாக்கினார்கள். 25 மீட்டர் நீந்துவதும், ஆழத்தில் 30 நொடி மிதப்பதும், கரையில் நின்றபடி இன்னொருவரைக் காப்பாற்றுவதும்தான் தேர்வு. கற்றுக்கொண்ட பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்ததாக அங்கு நடந்த ஆய்வு காட்டியது. நீந்தக் கற்க முடியாத சின்னஞ்சிறுசுகளுக்கு வேறு வழி பார்த்தார்கள். அம்மா சமையலிலும் வயலிலும் இருக்கும் காலை வேளையில் கிராமத்துப் பெண் ஒருவர் பொறுப்பில் குழந்தைகளை வைத்துக்கொள்ளும் மையங்கள் திறந்தார்கள். நம்மிடம் அங்கன்வாடி ஏற்கெனவே இருக்கிறது. மாட்டுத் தொட்டியிலும் வாளியிலும்கூடத் தவழும் குழந்தை மூழ்கும் என்பதை நினைத்தால், அங்கன்வாடி நேரத்தின் அருமை புரியும்.

ஜப்பானில் திருப்பம் 1955-இல் வந்தது. மே 11 அன்று ஷியுன் மாரு என்ற படகு மூழ்கி 168 பேர் இறந்தார்கள், அதில் சுமார் நூறு பேர் பள்ளிச் சுற்றுலா போன பிள்ளைகள். அதன் பிறகு நாடு முழுக்கப் பள்ளிகளில் நீச்சல் குளம் கட்டப்பட்டது. இன்று அங்கே போட்டிருக்கும் துணியோடும் காலணியோடும் மிதந்தபடி உதவிக்குக் காத்திருக்கவும் பழக்குகிறார்கள். நெதர்லாந்தில் நீச்சலின் முதல் சான்றிதழ்த் தேர்விலேயே உடையோடு நீந்திக் காட்டவேண்டும். ஆற்றில் தவறி விழுகிறவர் நீச்சலுடையில் விழுவதில்லை. நம் பெண் பிள்ளைகளுக்குச் சுடிதாரோடும் தாவணியோடும் மிதக்கப் பழக்குவது அதனால் இன்னும் அவசியம்.

கேரளத்தில் ஆலுவாவைச் சேர்ந்த சஜி வாளச்சேரில் பெரியாற்றிலேயே இலவசமாக நீச்சல் சொல்லிக்கொடுக்கிறார். குழந்தைகள், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் எனப் பல்லாயிரம் பேர் அவரிடம் கற்றிருக்கிறார்கள். இந்திய அரசின் சுகாதார அமைச்சகமும் 2023 டிசம்பரில் நீரில் மூழ்குவதைத் தடுப்பதற்கான உத்திக் கட்டமைப்பு ஒன்றை வெளியிட்டது. ஐ.நா. பொதுச்சபை 2021-இல் ஜூலை 25-ஐ இதற்கான உலக நாளாக அறிவித்தது. காகிதம் தயார். ஊரில் யார் தொடங்குவது என்பதுதான் கேள்வி.

கார்வேட்டிநகரம் போன்ற ஊருக்கு இது எட்டாத காரியம் அல்ல. திருவிழா நாளில் புஷ்கரிணி போன்ற குளத்தில் இறங்கத்தக்க எல்லைவரை கயிறு கட்டி மிதவை போடலாம், நாலு மூலையிலும் கயிறு கட்டிய டியூப் வைக்கலாம், நீச்சல் தெரிந்தவர்களை அடையாளச் சட்டையோடு படியில் உட்காரவைக்கலாம். பண்ணைக் குட்டை வைத்திருப்பவர் சுற்றி வேலி போட்டு, உள்ளே முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றைத் தொங்கவிட்டால் விழுந்தவருக்குப் பிடி கிடைக்கும். வகுப்பு நடத்த, தண்ணீர் நிற்கும் பழைய கிணறு ஒன்றைத் தூர்வாரிச் சுத்தம் செய்தால் போதும், அல்லது ஏரியின் ஆழமில்லாத ஓரத்தில் மூங்கில் தடுப்புக் கட்டலாம். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரமும் பெண் பயிற்சியாளரும் வேண்டும். அதில்லாமல் வீட்டில் அனுப்பமாட்டார்கள். ஆசிரியர்களையும் வெளியே தேட வேண்டாம். சுரைக்குடுக்கை கட்டி நீந்தியவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், ஐம்பது அறுபது வயதில். நெஞ்சை அழுத்தி மூச்சு ஊதும் முறையை ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் ஒரு மதியத்தில் அவர்களுக்குக் காட்டிவிடலாம். ஆந்திரப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன் நடுவாக்கில் முடிகிறது. ஒரு பிள்ளைக்கு 25 மீட்டர் நீந்தவும் அரை நிமிஷம் மிதக்கவும் அதில் பாதி நாள் போதும்.